மெம்பரேனைக் குறை சொல்லும் முன்

இயற்கை எரிவாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் மெம்பரேனை, அதாவது மெல்லிய பாலிமர் சவ்வை, சல்லடை மாதிரி நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. செல்லுலோஸ் அசிடேட் சவ்வில் வாயு புகுந்து போக ஓட்டை கிடையாது. வாயு அதில் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறுகிறது. கார்பன் டை ஆக்சைடு முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். மீத்தேனும் கொஞ்சம் கூடவே போகும்.

நான் பெரிதாக நினைக்கும் தவறு, "உள்ளே வரும் வாயு காய்ந்துதானே இருக்கிறது" என்ற தைரியம். கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற, மிஞ்சும் வாயுவில் கனமான ஹைட்ரோகார்பன்களின் பங்கு கூடும். அதன் டியூ பாயின்ட், அதாவது வாயுவிலிருந்து திரவம் பிரியத் தொடங்கும் வெப்பநிலை, மேலே ஏறும். அதே நேரத்தில், சவ்வைக் கடக்கும் வாயு அழுத்தம் இழந்து குளிர்கிறது. அந்தக் குளிர் மிஞ்சும் வாயுவையும் பிடிக்கும். ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் சவ்வின் மேலேயே திரவம் படியும். அதனால்தான் வடிகட்டிகளுக்குப் பிறகு ஹீட்டர் வைக்கிறார்கள். டியூ பாயின்ட்டை உள்வாயிலில் மட்டும் பார்த்தால் போதாது, மிஞ்சிய வாயு வெளியேறும் இடத்துக்கும் கணக்குப் போட வேண்டும். அதற்காகக் கண்டபடி சூடேற்றவும் கூடாது: வெப்பம் கூடினால் பிரிக்கும் திறன் குறையும்.

1995-இல் தொடங்கிய பாகிஸ்தானின் காதிர்பூர் மெம்பரேன் ஆலை, 6.5 சதவீத கார்பன் டை ஆக்சைடை 2 சதவீதத்துக்குள் கொண்டுவர அமைக்கப்பட்டது. அங்குள்ள வாயுவிலும் கனமான ஹைட்ரோகார்பன்கள் உண்டு. முன்சுத்திகரிப்பில் காசை மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு மெம்பரேன் மாற்றியே அதைக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது, விற்பனைத் தாளில் உள்ள செலக்டிவிட்டி எண்ணை, அதாவது மீத்தேனைவிடக் கார்பன் டை ஆக்சைடு எத்தனை மடங்கு எளிதாகக் கடக்கும் என்ற எண்ணை, நம்புவது. அது பெரும்பாலும் தனித்தனி வாயுக்களை வைத்து அளந்தது. கலவையில், அதிக அழுத்தத்தில், கார்பன் டை ஆக்சைடு பாலிமரை உப்பவைத்து அந்த எண்ணை நன்றாகவே இறக்கிவிடும். சவ்வின் இரு பக்க அழுத்தங்களின் விகிதமும் குறுக்கே நிற்கும். உள்பக்கம் 50 பார் அழுத்தத்தில் 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்றால் அதன் பங்கு 5 பார். சவ்வைக் கடந்த வாயு சேரும் வெளிப்பக்கம் 10 பார் இருந்தால், எந்த உயர்ந்த சவ்வு போட்டாலும் அங்கே கார்பன் டை ஆக்சைடு 50 சதவீதத்துக்கு மேல் தேறாது. மீதி, நீங்கள் விற்றிருக்க வேண்டிய வாயு.

ஸ்டார்ட்-அப்பில் அவசரம் வேண்டாம். சவ்வுத் தாள்களைச் சுருட்டிச் செய்த சுருள் வகையில், வெளிப்பக்க அழுத்தம் உள்பக்கத்தைத் தாண்டிவிட்டால் பசை ஒட்டிய ஓரங்கள் பிரிந்துவிடும். வெளிப்பக்க வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாக அழுத்தம் ஏற்றுங்கள்.