துடுப்பு இலைச் செடி: அடையாளம் கண்டு வளர்ப்பது எப்படி?

நர்சரியில் 'கலாஞ்சோ தைர்சிஃப்ளோரா' என்று சீட்டு செருகிக் கொடுத்தார்கள். நானும் இரண்டு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மார்கழியில் இலை விளிம்பு சிவக்கத் தொடங்கியபோதுதான் அது கலாஞ்சோ லூசியே என்று தெரிந்தது. இந்த ஆள்மாறாட்டம் உலகம் முழுக்க நடக்கிறது.

1. எது எது?
இரண்டுமே தென் ஆப்பிரிக்கப் பகுதிச் செடிகள், நம் ரணகள்ளிக்குச் சொந்தம். தோசைகளைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கியதுபோல இலைகள் இருக்கும். லூசியேவுக்கு வெயிலும் குளிரும் சேர்ந்தால் விளிம்பு சிவக்கும். நிழலில் வெறும் பச்சைதான். தைர்சிஃப்ளோரா சாம்பல் பச்சை, விபூதி பூசினாற்போல் வெண்பொடி, சிவப்பு குறைவு. லூசியேவிலும் கொஞ்சம் பொடி உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை: தைர்சிஃப்ளோராவின் பூ நல்ல மஞ்சள், வாசனை தூக்கும். லூசியே பூ வெளிறிய நிறம்.

பொடியைத் துடைக்க வேண்டாம். விரல் பட்ட இடத்தில் ரேகை அப்படியே பதிந்து நிற்கும்.

2. மண், தொட்டி
அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி. செம்மண், பருமணல், உடைத்த செங்கல் சம அளவு.

3. தண்ணீர்
செடி சாவது பெரும்பாலும் இங்கேதான். ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம். இலை லேசாகச் சுருங்கினால் பயப்பட வேண்டாம், ஊற்றினால் நிமிர்ந்துவிடும். தண்டு கொழகொழவென்று ஆனால்தான் ஆபத்து. அடைமழையில் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள்.

4. வெயில்
காலை வெயில் நான்கைந்து மணி நேரம் போதும். கத்திரி வெயிலில் மதியம் நிழல் வேண்டும், இல்லாவிட்டால் இலை பொசுங்கும்.

5. பெருக்குவது
ரணகள்ளி மாதிரி இலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அடியில் வரும் பக்கக் கன்றைக் கத்தியால் பிரித்து, வெட்டுவாய் காய மூன்று நாள் நிழலில் வைத்து நடுங்கள். அப்புறம் ஒரு வாரம் கழித்துத் தண்ணீர்.

சில வருடங்களில் நடுவிலிருந்து உயரமாகப் பூந்தண்டு எழும். பூத்து முடிந்ததும், வாழை மாதிரி, அந்தத் தாய்ச்செடி காய்ந்துபோகும். கன்றுகளை அதற்குள் பிரித்து வையுங்கள். பூந்தண்டிலும் குட்டிச் செடிகள் முளைக்கலாம், வெட்டி எறியுமுன் பாருங்கள்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றால் அவற்றுக்கு நஞ்சு.