மலைச் சாலைக்காகக் கேள்வி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஒரு மழை அடித்து ஓய்ந்தால் எங்கோ ஒரு வளைவில் தடுப்புச்சுவர் சரிந்திருக்கும். அடுத்த வாரமே மனுக்கள் கிளம்பும். ஆட்சியருக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று, முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "மேற்படி சாலையை உடனடியாகச் சீரமைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." கொடைக்கானல் மேல்மலையிலும் இதே கதைதான். மண்ணை அள்ளுவார்கள், மணல் மூட்டை அடுக்குவார்கள். அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி சரியும்.

அந்தச் சுவருக்கு முன்பு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, ஏன் நிற்கவில்லை என்று அரசிடம் கேட்கவே நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வழிகள் வைத்திருக்கிறார்கள். நம் கேள்விகள் அங்கே போய்ச் சேராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தவறான அவையில், தவறான நேரத்தில் கேட்கிறோம்.

சாலை யாருடையது என்று பார்க்காமல் எழுதுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகக் குண்டல்பேட்டை போவது தேசிய நெடுஞ்சாலை 181. அதற்கான பணமும் அனுமதியும் தில்லியில் இருக்கின்றன. கோத்தகிரி வழியாக ஏறுவது மாநில நெடுஞ்சாலை 15. அதற்குச் சென்னையில்தான் பதில். வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் உள்ள தெருக்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் குடியிருப்புகளான லைன்களுக்குப் போகும் பாதை அந்த மாநில அரசு நிறுவனத்தின் பொறுப்பு. ஹட்டிக்குள், அதாவது படகர் ஊருக்குள், நுழையும் சிமென்ட் சாலையைப் போட்டது பேரூராட்சியோ ஊராட்சியோதான். மலை ரயிலோ தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தை எழுதினால் ஒவ்வோர் அலுவலகமும் அதை அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிடும்.

மக்களவை விதிப்படி, முதன்மையாக மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயத்தைப் பற்றிக் கேள்வி கேட்க அனுமதி இல்லை. எனவே கோத்தகிரி சாலைக் குழியைப் பற்றி எம்.பி.யிடம் கேள்வி கொடுத்தால் அது அவையின் படியேறுவதே கடினம். அதேபோல மலை ரயில் ரத்தானதைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்டால் "மத்திய அரசை வலியுறுத்துவோம்" என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது.

தொகுதிக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீலகிரி மக்களவைத் தொகுதியில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் மூன்றும் மலை. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றுக்கும் பெரும்பகுதி கீழே. கொடைக்கானலுக்குத் தனிச் சட்டமன்றத் தொகுதியே கிடையாது, பழனித் தொகுதிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கேள்வியைக் கேட்க நம் தொகுதி எம்.பி.தான் வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையிலும் 18 பேர் மாநிலங்களவையிலும் இருக்கிறார்கள். அவர்களில் யார் வேண்டுமானாலும் ரயில்வே அமைச்சரிடம் மலை ரயிலைப் பற்றிக் கேட்கலாம்.

காட்டு வழியில் இருக்கும் ஊர்களுக்கு இன்னொரு சிக்கல். "வனத்துறை விடவில்லை, தில்லி அனுமதி வர வேண்டும்" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், சாலை, பள்ளி, குடிநீர் போன்ற 13 வசதிகளுக்குக் கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் பயன்படுத்த வழி இருக்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் பழனி மலைக் கிராமங்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். ஆகவே "இந்தப் பாதைக்கு 3(2)-ன் கீழ் விண்ணப்பம் தயாரானதா, கிராம சபைத் தீர்மானம் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது" என்று கேளுங்கள். "அனுமதி எப்போது வரும்" என்று கேட்டால் "விரைவில்" என்பதுதான் பதிலாக வரும்.

அறிவிப்பைக் கேட்டதும் பணம் வந்துவிட்டதாக நினைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சட்டமன்றத்தில் முதல்வர் 110 விதியின் கீழ் ஓர் அறிவிப்பை வாசிப்பார். அந்த விதியில் விவாதம் கிடையாது. மறுநாள் பத்திரிகையில் "மலை மாவட்டத்துக்குப் புதிய சாலை" என்று செய்தி வரும், ஊரில் நன்றி சுவரொட்டி ஒட்டுவார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது. அறிவிப்புக்குப் பிறகு நிர்வாக அனுமதிக்கான அரசாணை, அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, அதற்குப் பிறகுதான் ஜல்லி வந்து இறங்கும். இதில் எந்தப் படியிலும் வேலை நின்றுபோகலாம். பல வேலைகள் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகின்றன.

ரயில்வேயில் இதைவிட வெளிப்படையாகவே தெரியும். திட்டம் செத்துவிடவில்லை என்று காட்டுவதற்காக ஆயிரம் ரூபாய் அடையாள ஒதுக்கீடு போட்டுப் பட்டியலில் வைத்திருப்பார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, பெயருக்கு எதிரே உள்ள தொகையையும் பார்க்க வேண்டும்.

மாநில நிதிநிலை ஆவணத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு பத்திகள் இருக்கும்: முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தியில் வருவது கடைசிப் பத்தி மட்டும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவதையும் மூன்றாவதையும். மதிப்பீடு பெரிதாக இருந்து திருத்திய மதிப்பீடு சுருங்கியிருந்தால், பணம் ஒதுக்கியும் செலவிடவில்லை என்று பொருள். மலையில் வேலை செய்ய ஏற்ற மாதங்கள் குறைவு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் போனால் மிஞ்சுவது டிசம்பர் பிற்பாதியிலிருந்து மே வரைதான், அதற்குள் மார்ச் 31 வந்துவிடும். அனுமதி தாமதமாக வந்தால் அந்த ஆண்டுப் பணம் திரும்பிப் போகும். இதை ஒரு கேள்வியாக யாரும் கேட்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நிதிநிலை ஆவணத்தில் தனித்தனிச் சாலையின் பெயர் இருக்காது, மொத்தத் தொகைதான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட சாலைக்குக் கீழே இறங்கிப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம் வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் காலம் 30 நாள். அங்கும் ஒரு தவறு நடக்கிறது: "ஏன் தரமற்ற சாலை போட்டீர்கள்?" என்று எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது. நிர்வாக அனுமதி அரசாணையின் நகல், மதிப்பீட்டுத் தாள், வேலை உத்தரவு, எம்.புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எம்.புக்கில் எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் உயரம், எவ்வளவு கான்கிரீட் என்று எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடாவால் சுவரை அளந்து பார்க்கலாம். வேலை நடக்கும் இடத்தை ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு உரிமை தருகிறது.

இவ்வளவும் கையில் வந்தபின் எம்.எல்.ஏ.விடம் கொடுக்கும் கேள்வி இப்படி இருக்கலாம்: "கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாநில நெடுஞ்சாலை 15-ல் மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் இடையே மண்சரிவுத் தடுப்புக்கென அனுமதிக்கப்பட்ட பணிகள் எவை, ஒவ்வொன்றின் மதிப்பீடும் செலவும் எவ்வளவு, முடிந்த பணிகளில் மீண்டும் சரிந்தவை எத்தனை, சரிந்தவற்றை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்தாரா?" இந்தக் கேள்விக்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் சொல்லித் தப்ப முடியாது.

நேரம் போனபின் கேட்பது

மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1. அதன்பின் வரும் இடைவேளையில் துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்காக அவையிடம் கேட்கும் தொகையை, ஆராயும். விவாதிக்க நேரமில்லாத கோரிக்கைகளைக் கடைசி நாளில் கில்லட்டின் முறையில் மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். சென்னையில் நெடுஞ்சாலைக்கு மானியக் கோரிக்கை எண் 21, போக்குவரத்துக்கு 48, நகர்ப்புற வளர்ச்சிக்கு 26. அந்தத் துறையின் நாளில் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்கள் வரும். உறுப்பினருக்கு உங்கள் குறிப்பு அந்த நாளுக்கு முன்பே போயிருக்க வேண்டும். மக்களவையில் கேள்விக்கே குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. கேள்வி 150 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. ஏழு பக்க மனுவை எம்.பி. அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தால் அதை யார் 150 வார்த்தையாகச் சுருக்குவார்கள்? நீங்களே சுருக்கிக் கொடுங்கள்.

மனுக்கள் குழுவுக்குத் தவறான மனு

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமாக வருகிறது. வருவதற்கு முன் ஆட்சியர் அலுவலகம் அறிவிப்பு வெளியிடும். மனு தமிழில், ஐந்து பிரதிகள், தேதியிட்ட கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பார்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன், தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள விஷயம் எதுவும் கூடாது. நல்ல மனுக்கள் கழிந்துபோவது இந்த ஒரு வரியால்தான். "எங்கள் ஊருக்குப் பேருந்து வேண்டும், சாலை வேண்டும், பட்டாவும் வேண்டும்" என்று ஒரே தாளில் எழுதினால் மூன்று துறை ஆகிவிடுகிறது. பட்டாவை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் தனித்தனி மனுவாக எழுதுங்கள்.

மக்களவைக்கும் தனி மனுக்கள் குழு உண்டு. அங்கே ஓர் உறுப்பினர் மூலம் மனுவை முன்வைத்தால் அதில் அவருடைய மேலொப்பம் கட்டாயம்.

கட்டட அனுமதியும் நீதிமன்றமும்

திட்டமிடலைப் பொறுத்தவரை, பலர் கட்டடம் எழும்பி நின்றபின்தான் எதிர்க்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும்போது ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். நம் ஊரில் அந்த இரண்டு மாதமும் அமைதியாகக் கடந்துவிடுகிறது. அப்புறம் மலையில் கட்டட அனுமதிகளைப் பார்க்க 1990 முதல் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. கவனிக்க வேண்டியது விதியைவிட விதிவிலக்கைத்தான். 1990களில் கொடைக்கானலில் ஒரு விடுதிக்கு விதியைத் தளர்த்தி வந்த அரசாணையை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. "கடந்த ஐந்தாண்டில் மலைப்பகுதியில் எத்தனை கட்டடங்களுக்கு விதி தளர்த்தப்பட்டது, எந்த அரசாணை மூலம்" என்பது மானியக் கோரிக்கை 26-ல் கேட்க ஏற்ற கேள்வி.

இ-பாஸ் விஷயத்தில் வேறு மாதிரிக் குழப்பம். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வைத்ததும் நீதிமன்றமே. அதை நீக்கச் சொல்லி எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பதில் பயனில்லை, வழக்கிலுள்ள விஷயத்தை மனுக்கள் குழுவும் தொடாது. ஆனால் அதையொட்டி அரசு செய்யும் செலவு முழுக்கச் சட்டமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. சோதனைச் சாவடிகளுக்கு எவ்வளவு, வாகன நிறுத்துமிடத்துக்கு எவ்வளவு, கூடுதல் அரசுப் பேருந்து எத்தனை, அவை ஹட்டிகளுக்கு ஓடிய பேருந்துகளை எடுத்து விடப்பட்டவையா? உள்ளூர்க்காரருக்கு வலிப்பது அந்தக் கடைசிக் கேள்வி. அதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை.

பதில் வந்ததும் விட்டுவிடுவது

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை வந்தால் யாரையோ கைது செய்வார்கள் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். சி.ஏ.ஜி. தணிக்கை செய்து எழுதுவார், அறிக்கை அவையில் வைக்கப்படும், பொதுக் கணக்குக் குழு துறைச் செயலரை அழைத்து விசாரிக்கும். போக்குவரத்துக் கழகம், டேன்டீ போன்றவை பற்றிய விசாரணை பொது நிறுவனங்கள் குழுவுக்குப் போகும். மெதுவான வழிதான். ஆனால் அதிகாரி ஒருவர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது. உங்களிடம் எம்.புக் நகலும் படமும் இருந்தால் மாநிலக் கணக்காயருக்கு, அதாவது தணிக்கை அலுவலகத்துக்கு, எழுதுங்கள். தணிக்கைக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது அது அவர்களுக்கு உதவும்.

கடைசியாக, "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில். அதைக் கேட்டதும் சலித்துப்போய்ப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். மக்களவையில் அமைச்சர் அப்படிச் சொன்னால் அது ஓர் உறுதிமொழியாகவே கணக்கில் எடுக்கப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றியதாக அறிக்கை வைக்க வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்க வேண்டும். அதைத் தொடர்ந்து கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று தனியாக இருக்கிறது. தமிழ்நாடு பேரவையிலும் அதே பெயரில் ஒரு குழு உண்டு, அதுவும் மாவட்டங்களுக்கு வரும். ஆகவே பதில் வந்த தேதி, கேள்வி எண், அமைச்சர் சொன்ன வாசகம் மூன்றையும் எழுதி வையுங்கள். மக்களவைப் பதில்கள் எல்லாம் சன்சத் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். குழு ஊட்டிக்கோ திண்டுக்கல்லுக்கோ வரும் செய்தி வந்ததும், அந்த மூன்று விவரத்தையும் மேலே எழுதி, "இந்த உறுதிமொழி இன்றுவரை நிறைவேறவில்லை" என்று ஒரு பக்கத்தில் கொடுங்கள்.