ஒரு மிட்பீல்டரின் பயணத்தைப் பின்தொடர்வது எப்படி: ஐஸ்லாந்தின் பிர்கிரை வைத்து ஒரு பாடம்

கால்பந்தில் ஸ்ட்ரைக்கரை, அதாவது கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரரைப் பின்தொடர்வது சுலபம். கோல் கணக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மைதானத்தின் நடுப்பகுதியில் ஆடும் மிட்பீல்டர் விஷயம் வேறு. அதிலும் சின்ன நாட்டில் பிறந்து, ஊர் ஊராகப் போய் ஆடியவர் என்றால் பட்டியலைப் பார்த்ததுமே தலை சுற்றும். ஐஸ்லாந்துக்காரர் பிர்கிர் பியார்னசனை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வே, பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, கத்தார், திரும்ப இத்தாலி, துருக்கி, திரும்ப நார்வே, அப்புறம் மறுபடியும் இத்தாலி. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் 'எங்கேயும் நிலைக்காத ஆள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தன் நாட்டுக்காக 113 ஆட்டம் ஆடியவரை அப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

நானும் எங்கள் ஊர் அணியில் இடது பக்க மிட்பீல்டில் ஆடியவன். கோல் போட்டவன் பெயரை ஊரே சொல்லும். தொண்ணூறு நிமிடமும் கோட்டோரம் ஏறி இறங்கியவன் பெயர் யார் வாயிலும் வராது. அதனாலேயே இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களுக்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு பக்கம். அதை எப்படி எழுதுவது, எழுதியதை எப்படி வாசிப்பது என்பதை பிர்கிரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நடுவில் ஒரு கோடு

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கிளப், வலப்பக்கம் தேசிய அணி. இரண்டையும் ஒரே வருட வரிசையில், நேருக்கு நேர் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் இவை மேலே ஒன்று, கீழே ஒன்று எனப் பிரிந்து கிடக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை தெரியும்.

பிர்கிர் 1988 மே 27-ல் ஐஸ்லாந்தின் வடக்கே அக்குரேரியில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு நார்வே போய்விட்டார். ஸ்டவாங்கர் ஊரின் வைகிங் கிளப்பில்தான் பெரியவர்கள் அணிக்கு வந்தார். நடுவில் 2008-ல் லோனில், அதாவது தற்காலிகமாக, நார்வேயின் போடோ கிளிம்ட் கிளப். இடப்பக்கத்தில் இவ்வளவு எழுதும் வரை வலப்பக்கம் காலி. 2010-ல்தான் ஐஸ்லாந்து சீனியர் அணியில் முதல் ஆட்டம்.

2011-க்கு வாருங்கள். டென்மார்க்கில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பை. ஐஸ்லாந்துப் பையன்கள் போட்டியை நடத்திய டென்மார்க்கையே 3-1 என்று வீழ்த்தினார்கள். பிர்கிர், அரோன் குன்னார்சன், கில்ஃபி சிகுர்ட்சன், கோல்பெய்ன் சிக்தோர்சன் எல்லாம் அந்த அணியில் இருந்தவர்கள். ஐந்து வருடம் கழித்து பிரான்ஸில் நடந்த 2016 யூரோவில் (பெரியவர்களுக்கான ஐரோப்பியக் கோப்பை) உலகம் பார்த்து வியந்த அணியின் முதுகெலும்பு இவர்கள்தான். இந்த வரியின் கீழ் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 2012 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜ் அவரை எடுத்தது இதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு.

சீசன் எழுதும்போது கவனம்

நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் லீக் வசந்தத்தில் தொடங்கி அந்த வருடத்துக்குள்ளேயே முடியும். குளிர்காலத்தில் ஆட முடியாது, அதுதான் காரணம். இத்தாலி, பெல்ஜியம், இங்கிலாந்தில் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி மே மாதம் வரை. அதனால் வைகிங் வருடங்களை '2011' என்று ஒற்றை எண்ணாகவும், அடுத்து அவர் ஆடிய இத்தாலிய கிளப் பெஸ்காராவின் வருடத்தை '2012-13' என்று இரட்டையாகவும் எழுதுங்கள். ஜனவரியில் நார்வேயிலிருந்து வரும் ஆட்டக்காரருக்கு அங்கே சீசன் முடிந்து ஓய்வு. வந்து சேரும் இடத்திலோ பாதி சீசன் ஓடியிருக்கும். அந்த முதல் அரை சீசனின் எண்ணிக்கையை வைத்து ஆளை எடை போடக் கூடாது. 2023-ல் அவர் வைகிங்குக்குத் திரும்பியதும் இதே போலத்தான், அங்கே லீக் பாதி தாண்டிய பிறகு.

கிளப் பெயருக்குப் பக்கத்தில் டிவிஷன்

இதை விட்டால் மொத்தமும் தப்பாகப் புரியும். ஒவ்வொரு கிளப்புக்கும் பக்கத்தில் அது அப்போது எந்த டிவிஷனில் இருந்தது, சீசன் முடிவில் ஏறியதா இறங்கியதா என்று ஒரு சின்ன அம்புக்குறி போடுங்கள்.

பெஸ்காரா 2012-13: சீரி ஆ (இத்தாலியின் முதல் டிவிஷன்), கடைசி இடம், கீழ் அம்பு. சாம்ப்டோரியா 2013-14: சீரி ஆ, நிலைத்தது. பெஸ்காரா 2014-15: சீரி பி (இரண்டாம் டிவிஷன்), மேலே ஏறுவதற்கான பிளே ஆஃப் சுற்றின் இறுதி வரை வந்து போலோன்யாவிடம் வாய்ப்பை இழந்தது. பாசெல் 2015-16: சுவிஸ் சாம்பியன், அடுத்த சீசனில் அர்செனலும் பாரிஸ் அணியும் இருந்த சாம்பியன்ஸ் லீக் பிரிவு. 2017 ஜனவரியில் ஆஸ்டன் வில்லா. பெயரைக் கேட்டதும் பிரீமியர் லீக் என்று நினைப்பீர்கள். அப்போது வில்லா இரண்டாம் டிவிஷனில், சாம்பியன்ஷிப்பில் இருந்தது. 2018 பிளே ஆஃப் இறுதியில் ஃபுல்ஹாமிடம் தோற்று, 2019-ல்தான் மேலே ஏறியது. அது ஏறிய கோடையிலேயே பிர்கிர் கிளம்பிவிட்டார். ஆக, இங்கிலாந்தில் இரண்டரை வருடம் இருந்தும் பிரீமியர் லீக்கில் அவர் ஆடவில்லை.

இப்போது வலப்பக்கத்தைப் பாருங்கள். பெஸ்காரா சீரி பி-யில் இருந்த அதே 2014-15-ல்தான் ஐஸ்லாந்து யூரோ தகுதிச்சுற்றில் நெதர்லாந்தையும் துருக்கியையும் செக் குடியரசையும் வீழ்த்திக்கொண்டிருந்தது. கிளப்பில் இரண்டாம் டிவிஷன், நாட்டுக்குப் போனால் நெதர்லாந்துக்கு எதிராக வெற்றி. பெரிய நாட்டில் பிறந்திருந்தால் சீரி பி-யில் ஆடுகிறவரைத் தேசிய அணிப் பக்கமே சேர்த்திருக்க மாட்டார்கள். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது மூன்றே கால் லட்சம் சுமார். ஒரு பயிற்சியாளர் தன் ஆட்கள் இன்னார் என்று முடிவு செய்து, கிளப்பில் அவர்கள் நிலை என்னவானாலும் வருடக்கணக்கில் கூடவே வைத்திருக்க அங்கே முடிந்தது. ஐஸ்லாந்தின் பயிற்சியாளர்களாக இருந்த லார்ஸ் லாகர்பெக்கும் ஹெய்மிர் ஹால்கிரிம்சனும் அதைத்தான் செய்தார்கள். 2016 யூரோவில் ஐந்து ஆட்டத்திலும் அதே பதினொரு பேரோடுதான் ஐஸ்லாந்து தொடங்கியது. இடப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும்போது வலப்பக்கம் நேர்கோடாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கோடு போட்டு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

யார் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில், தெரிந்த ஆட்கள் யார் அங்கே இருந்தார்கள் என்று ஒரு வரி. பிர்கிரின் கத்தார் காலம் வெறும் சில மாதம். பார்த்தால் பணத்துக்காகப் போனதாகத் தோன்றும். 2019-ல் அல் அரபி கிளப்பின் பயிற்சியாளர் யார்? ஐஸ்லாந்தின் பழைய பயிற்சியாளர் ஹெய்மிர். அங்கே ஆடிக்கொண்டிருந்த அரோன் குன்னார்சனுக்குக் காயம். கிளப் இல்லாமல் இருந்த பிர்கிர் அந்த இடத்தை நிரப்பப் போனார். அந்த இரண்டு பெயரையும் எழுதிவிட்டால் விஷயம் விளங்கிவிடும்.

2020 ஜனவரியில் ப்ரெஷா, சீரி ஆ, அந்த சீசனே கீழ் அம்பு. அங்கே கூட ஆடியவர்களில் மாரியோ பாலோடெல்லி ஒருவர். 2021 கோடையில் பிர்கிர் துருக்கியின் அதானா டெமிர்ஸ்போருக்குப் போனபோது பாலோடெல்லியும் அதே கோடையில் அங்கே வந்தார். கொஞ்ச நாளில் இத்தாலியர் வின்சென்சோ மொன்டெல்லா பயிற்சியாளரானார். அந்த கிளப் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. இத்தாலியில் கழித்த வருடங்கள் அதானாவில் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தை எப்போதும் பென்சிலில் எழுதுங்கள், பேனாவில் வேண்டாம்.

பந்தை விடுங்கள், ஆளைப் பாருங்கள்

நோட்டு பாதி வேலைதான். ஒரு முழு ஆட்டத்தையாவது அவரை மட்டுமே பார்த்து முடிக்க வேண்டும். ஹைலைட்ஸ் உதவாது, அது பந்துக்குப் பின்னால் ஓடும். பிர்கிருக்கு நான் சொல்வது 2016 யூரோவில் ஜூன் 14, செயின்ட் எட்டியேனில் போர்ச்சுகல் ஆட்டம்.

ஐஸ்லாந்து 4-4-2: பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு, முன்னால் இரண்டு. பிர்கிர் எட்டாம் எண் ஜெர்சியோடு இடது மிட்பீல்ட், அவருக்குப் பின்னால் லெஃப்ட் பேக், அதாவது இடது தடுப்பாட்டக்காரர், அரி ஸ்குலாசன். முதல் இருபது நிமிடம் ஒன்றே ஒன்றை மட்டும் பாருங்கள்: பிர்கிருக்கும் ஸ்குலாசனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. போர்ச்சுகல் அந்தப் பக்கம் வந்தால் இருவரும் நெருங்குவார்கள். பந்து எதிர்ப்பக்கம் போனால் பிர்கிர் கோட்டோரத்தை விட்டு நடுவுக்கு நகர்வார். ஆளைத் துரத்துவதை விட இடத்தை அடைப்பதுதான் அந்த அணியின் வேலை. இதைப் பார்க்கக் கண் பழக நேரமாகும். பழகிவிட்டால் பந்து இல்லாத இடத்தில்தான் ஆட்டம் நடக்கிறது என்று தோன்ற ஆரம்பிக்கும்.

31-ஆம் நிமிடத்தில் நானி கோல் போட்டு போர்ச்சுகல் முன்னிலை. இடைவேளை முடிந்து 50-ஆம் நிமிடம். வலது பக்கத்திலிருந்து யோஹான் பெர்க் குட்முண்ட்சன் பந்தைத் தூக்கிப் போடுகிறார். தூரத்துப் போஸ்ட் பக்கம் பிர்கிர், அருகில் யாரும் இல்லை. பந்தைக் கீழே விழ விடாமல் காலின் உள்பக்கத்தால் உள்ளே தள்ளுகிறார். ஒரு பெரிய போட்டியில் ஐஸ்லாந்து ஆண்கள் அணி போட்ட முதல் கோல். இங்கே நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, குட்முண்ட்சனைப் பார்க்காமல் பிர்கிரை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது தூரத்துப் போஸ்ட்டுக்கு வந்து சேர்வது இடது மிட்பீல்டரின் வேலை. பத்துத் தடவை ஓடினால் ஒன்பது தடவை பந்து வராது. அந்த ஒன்பது ஓட்டத்தை எந்தப் புள்ளிவிவரமும் கோல் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் இந்தக் கோலைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோகும். ஆட்டம் 1-1. அந்தப் போர்ச்சுகல்தான் கடைசியில் கோப்பை வென்றது.

இன்னொரு ஆட்டம் பார்க்க நேரமிருந்தால் 2018 உலகக் கோப்பை, ஜூன் 16, மாஸ்கோ, அர்ஜென்டினா. மெஸ்ஸியின் பெனால்ட்டியை ஐஸ்லாந்து கோல்கீப்பர் ஹானஸ் ஹால்டோர்சன் தடுத்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். பந்து பெரும்பாலும் அர்ஜென்டினா காலில்தான். பந்தே இல்லாமல் ஒரு மிட்பீல்டர் ஒரு மாலை முழுக்க எப்படி உழைப்பார் என்று அதில் தெரியும்.

எண்களும் பெயர்களும்

கோல், அசிஸ்ட் (கோலுக்குக் கொடுத்த பாஸ்) எழுதலாம், ஆனால் கடைசியில். மிட்பீல்டருக்கு முதலில் எழுத வேண்டியது தொடக்கப் பதினொன்றில் எத்தனை ஆட்டம், மாற்று ஆளாக எத்தனை என்பது. பயிற்சியாளர் அவரை எவ்வளவு நம்பினார் என்பதை அது காட்டும். ஐஸ்லாந்துக்கு 113 ஆட்டத்தில் 15 கோல் என்பது பிர்கிரின் கணக்கு. ரூனார் கிறிஸ்டின்சன் என்ற இன்னொரு மிட்பீல்டர் 104 ஆட்டத்தோடு வைத்திருந்த சாதனையை 2021 நவம்பரில் தாண்டினார். கூட வளர்ந்தவர்கள் பலரும் அணியில் இல்லாத நேரம் அது. சுற்றிலும் இளசுகள், கேப்டன் பட்டை இவர் கையில்.

பெயரில் ஒரு எச்சரிக்கை. ஜெர்சியில் இருக்கும் பியார்னசன் குடும்பப் பெயர் இல்லை. பியார்னியின் மகன் என்று அர்த்தம், நம் இனிஷியல் மாதிரி. ஐஸ்லாந்துச் செய்திகளில் ஆளைச் சொந்தப் பெயரால் பிர்கிர் என்றே சொல்வார்கள். அதே அணியில் ரைட் பேக் பிர்கிர் மார் சாவர்சன் என்று இன்னொரு பிர்கிர் உண்டு. அவரும் நூறு ஆட்டம் தாண்டியவர். பழைய ஆட்டக் குறிப்பில் வெறுமனே பிர்கிர் என்று இருந்தால் எந்த பிர்கிர் என்று சரிபார்த்த பிறகே எழுதுங்கள். ஐஸ்லாந்து கால்பந்துச் சங்கத்தின் தளத்தில் தேசிய அணியின் ஆட்டக் குறிப்புகள் கிடைக்கும். கிளப் மாற்றங்களுக்கு டிரான்ஸ்பர்மார்க்ட் என்ற இணையதளம். அதில் போட்டிருக்கும் சந்தை மதிப்பை மட்டும் நோட்டில் ஏற்றாதீர்கள், அது மதிப்பீடுதான்.

அடுத்து யாரை எடுப்பது

முடிந்த பயணத்தில் பழகிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுங்கள். என் சிபாரிசு ஹாகோன் அர்னார் ஹரால்ட்சன். 2003-ல் பிறந்தவர். அக்ரானெஸ் ஊர் கிளப்பிலிருந்து கோபன்ஹேகன், அங்கிருந்து 2023-ல் பிரான்ஸின் லீல். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்டில் டார்ட்மண்ட் மைதானத்தில் லீலுக்குச் சமன் கோல் போட்டவர். பிர்கிருக்கு இரண்டு பக்கம் போதும். இவருக்கு நான்கு பக்கம் விட்டு வையுங்கள். லீல் அடுத்து ஆடும் ஆட்டத்தில் முதல் இருபது நிமிடம் பந்தைப் பார்க்காமல் ஹாகோனை மட்டும் பாருங்கள், பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.