லடாக்கில் ஒரே வீட்டில் பதினொரு நாள்: ஊரோடு ஒன்றித் தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லடாக்குக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஏழே நாளில் லே, கார்துங்லா, நுப்ரா, பாங்காங் ஏரி என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். இரண்டாவது முறை லேக்கு மேற்கே உள்ள ஷாம் பகுதியில், சிந்து நதிக்கு மேலே உள்ள ஒரு சின்ன ஊரில், ஒரே வீட்டில் பதினொரு நாள் இருந்தேன். முதல் பயணத்தில் மிஞ்சியவை போட்டோக்கள். இரண்டாவது பயணம் என்னைச் சிவகங்கைப் பக்கத்தில் இருக்கும் என் சொந்த ஊரின் கண்மாய்க் கரைக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது. அது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

மனதை மாற்றும் பயணம் வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். அந்த ஆசை நல்லது. ஆனால் அதைக் கெடுக்கும் தவறுகளில் பாதி, டிக்கெட் போடும்போதே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு அவசரம். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பி, டெல்லியில் விமானம் மாறி, காலையில் அங்கே இறங்குகிறவரின் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகியிருக்காது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். முதல் இரண்டு நாள் எங்கேயும் அலையாமல் ஓய்வெடுக்க வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலைப் பயணங்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. முதல் பயணத்தில் நாங்கள் மூன்றாம் நாளே 4,200 மீட்டருக்கு மேலே உள்ள பாங்காங்கில் தங்கினோம். எங்களில் ஒருவர் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தார். விடிந்ததும் கீழே இறக்கிக் கொண்டுவந்தோம். உடம்பு படுத்தும்போது மனசு எதையும் வாங்காது. ஷாம் பகுதியின் தாழ்வான ஊர்கள் லேயைவிட உயரம் குறைந்தவை. நீண்ட நாள் தங்க நினைக்கிறவர்களுக்கு அங்கே தொடங்குவது நல்லது.

அடுத்தது, நம் ஊரையே கூடக் கட்டிக்கொண்டு போவது. முதல் முறை நாங்கள் ஆறு பேர். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், போதாததற்கு ஒரு எலெக்ட்ரிக் குக்கர். நாள் முழுக்கத் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தோம். லடாக்கில் இருந்தோம் என்பதற்கு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலைதான் சாட்சி. இரண்டாவது முறை தனியாகப் போனேன். இதர மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, என்னுடையது ப்ரீபெய்டு. முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பேச ஆள் வேண்டுமே என்று தானாகவே சமையலறைக்குப் போனேன்.

லடாக்கி வீட்டில் எல்லாமே சமையலறையில்தான் நடக்கும். நடுவில் இரும்பு அடுப்பு, சுவரெல்லாம் துலக்கிய பித்தளைப் பாத்திரங்கள், ஓரமாகக் கம்பளம் விரித்த இருக்கை. யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு; போனதும் காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடாமல், காட்டுகிற இடத்தில் உட்காருங்கள். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்தால் உடனே நிரப்பிவிடுவார்கள். போதும் என்றால் கோப்பையை நிறைவாகவே வைத்திருந்து, எழுந்திருக்கும்போது குடித்து முடிக்கலாம். வீட்டு அம்மாவை ‘ஆமாலே’ என்று கூப்பிட வேண்டும், அப்பாவை ‘ஆபாலே’. அந்த ‘லே’ நம் ‘ங்க’ மாதிரி, மரியாதைக்கு. அக்காவுக்கு ‘ஆச்சே’ என்று கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் ஆச்சிகள் ஞாபகம் வந்தார்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் ‘ஜூலே’ ஒன்று போதும். பத்தே சொற்கள்தான், ஆனால் அவற்றை நான் பேசத் தொடங்கிய அன்று அந்த வீட்டில் என் இடம் மாறியது.

கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுவது பலரும் கவனிக்காத தவறு. காசு கொடுத்திருக்கிறோம், சாப்பாடு வரும், சாப்பிட்டுவிட்டு நடக்கப் போகலாம் என்று இருந்தால் அது லாட்ஜ்தான். நான்காம் நாள் ஆமாலே பிசைந்த கோதுமை மாவை என் முன்னால் தள்ளினார். ஸ்க்யூ என்கிற மாவு உணவு செய்ய, சின்ன உருண்டையைக் கட்டை விரலால் அழுத்திக் குழித்து ஒரு கிண்ணம் போல ஆக்க வேண்டும். என்னுடையவை தடித்துப் போயின. தடித்தது வேகாது என்று விரலாலேயே காட்டினார். எத்தனையோ வருடமாக எனக்குத் தெரியாத ஒரு வேலையை யாரும் சொல்லிக்கொடுத்து நான் செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அலுவலகத்தில் நான் சொல்லிக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்கிறவனாக உட்காருவது எவ்வளவு அமைதி என்பதையே மறந்திருந்தேன்.

ஆனால் உதவி என்ற பெயரில் கேட்காமல் கை வைக்கவும் கூடாது. லேயில் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான் மழை, பனி எல்லாம் சேர்த்து. ஷாம் ஊர்களின் வயல்களும் பனி உருகி வரும் ஓடையை நம்பியே இருக்கின்றன. அந்த நீரை யாருக்கு எப்போது திருப்புவது என்று முறை வைத்து நடத்த ‘சுர்பொன்’ என்று ஒருவரை ஊரே நியமிக்கும். அந்த வருடம் அந்தப் பொறுப்பு எங்கள் வீட்டு ஆபாலேவிடம் இருந்தது. ராத்திரி வரும் தண்ணீர் ‘ஸிங்’ என்கிற சின்னக் குளத்தில் தேங்கும். காலையில் கல்லையும் புல்கட்டியையும் எடுத்து வாய்க்காலில் விடுவார். ஒருநாள் அவர் வருவதற்குள் நானே ஓர் அடைப்பை எடுத்துவிட்டேன். முறை இல்லாத வயலுக்குத் தண்ணீர் போய்விட்டது. ஆபாலே ஒன்றும் சொல்லாமல் அடைத்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு முறைக்காரர் வீட்டுக்குப் போனார். அவர்கள் பேசியதில் ‘சூ’ என்ற சொல் மட்டும் புரிந்தது. சூ என்றால் தண்ணீர். நான் தலைகுனிந்து ஜூலே சொன்னேன். அதற்குப் பிறகு எதையும் கேட்காமல் தொட்டதில்லை.

சிறிய தவறுகள் சில: குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா விநியோகிக்காதீர்கள், அடுத்து வருகிறவரிடம் கை நீட்டப் பழகிவிடுவார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாத, மண் போட்டு மூடும் கழிப்பறையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்த எருதான் வயலுக்குப் போகிறது.

எனக்குக் கோபமே வரவழைக்கிற தவறு ஒன்று உண்டு. ‘இவர்களுக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்’ என்று ஊர் திரும்பிச் சொல்வது. அவர்களுக்குக் கவலை இல்லை என்று யார் சொன்னது? ஆமாலேவின் மகன் சண்டிகரில் படிக்கிறான். அவன் திரும்பி வருவானா என்று அவருக்குத் தெரியவில்லை. குளிர்காலத்துக்கு முன் ஒரு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று ஆசை. விதைக்கிற வசந்த காலத்தில் தண்ணீர் போதாது என்பது லடாக்கின் பழைய பிரச்சினை. அதற்காகத்தான் சேவாங் நோர்பெல் என்ற பொறியாளர் 1980-களிலிருந்து, குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை ஊருக்கு மேலே பனிக்கட்டியாகத் தேக்கும் செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். இருப்பது போதும் என்று சும்மா இருந்தவர்களின் ஊர் இல்லை அது. அவர்களைப் பாடப் புத்தகமாக்கிவிட்டால், அவர்கள் உண்மையில் சொல்வது நம் காதில் விழாது.

திரும்பி வந்த முதல் வாரத்தில் பெரிய முடிவுகள் எடுக்க வேண்டாம். எனக்கும் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்த வேகம் மூன்றாவது வாரம் அடங்கியது. அங்கே பழகியதில் ஒன்றையாவது இங்கே கையில் எடுக்காவிட்டால் எல்லாமே அதோடு சேர்ந்து போய்விடும்.

எனக்கு அந்த ஒன்று தண்ணீர். எங்கள் ஊர்க் கண்மாய்க்கும் ஒருகாலத்தில் நீர்ப்பாய்ச்சி இருந்தார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், விசாரித்ததில்லை. பெரியப்பாவுக்கு போன் போட்டேன். “இத்தனை வருஷம் கழிச்சு இதை ஏன்டா கேக்குற?” என்றார். பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. எந்த மடை யாருக்கு, எந்த வருடம் முறை தவறிச் சண்டை வந்தது, நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் எத்தனை மரக்கால் நெல் என்று எல்லாம் வந்தது. போன ஐப்பசியில் ஊருக்குப் போனேன். கருவேலம் மண்டிக் கிடந்த கரையில் கைத்தடியால் முள்ளை ஒதுக்கி, மண்ணில் பாதி புதைந்திருந்த மடைக்கல்லைக் காட்டினார். அதைத் தோண்டி எடுக்க அடுத்த கோடையில் மண்வெட்டியோடு வரச் சொல்லியிருக்கிறார்.