ஹீப்ரு பேசும் ஆயா தேடுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

அம்மா இஸ்ரேல்காரர், அப்பாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான். ஒன்றரை வயதுக் குழந்தையை ஹீப்ருவில் பேசி வளர்க்க ஓர் ஆள் வேண்டும். நியூயார்க்கில் இப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. அவர்கள் செய்கிற தவறுகளும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

யூதர்கள் நடத்தும் பிரீஸ்கூல் என்றால் ஹீப்ரு தானாக வந்துவிடும் என்று நம்புவது அதில் முதலாவது. பெரும்பாலான இடங்களில் நாள் முழுக்க ஆங்கிலம்தான். சாப்பாட்டுக்கு முன் ஒரு பிரார்த்தனை, வெள்ளிக்கிழமை சில பாட்டுகள், கொஞ்சம் எழுத்துகள், அவ்வளவுதான் ஹீப்ரு. புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க், பரோ பார்க் பக்கம் போனால் ஹசிதிக் எனப்படும் தீவிர மதப்பற்றுள்ள யூதர்களின் வீடுகளில் கேட்பது யிட்டிஷ். ஹீப்ரு எழுத்தில் எழுதினாலும் அது ஜெர்மன் குடும்பத்து மொழி. “இங்கே ஹீப்ரு உண்டா?” என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். “குழந்தை தண்ணீரைக் கொட்டிவிட்டால் டீச்சர் எந்த மொழியில் பேசுவார்?” என்று கேளுங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆள் எடுப்பது. ராணுவ சேவை முடித்துவிட்டு அமெரிக்கா வந்திருக்கும் இளம்பெண்ணுக்கு ஹீப்ரு தாய்மொழிதான். ஆனால் தன் ஆங்கிலத்தை மெருகேற்றிக்கொள்ளும் ஆசையும் இருக்கும். நேர்காணலில் அம்மாவோடு ஹீப்ருவில் வெளுத்துக்கட்டுவார். குழந்தை பொம்மையைக் காட்டி “கார்!” என்றதும் “எஸ், பிக் கார்!” என்று குழைவார். அங்கேயே கதை முடிந்தது. நல்ல ஆள் குழந்தையைத் திருத்தவும் மாட்டார், ஆங்கிலத்துக்கு மாறவும் மாட்டார். “கென், மெஹோனித் க்தோலா” (ஆமாம், பெரிய கார்) என்று சொல்லிவிட்டு, அது எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவார். அதனால் நேர்காணலைச் சோபாவில் நடத்தாதீர்கள். அரை மணி நேரம் குழந்தையோடு தரையில் உட்கார விட்டுப் பாருங்கள். சம்பளம் கொடுத்து ஒரு நாள் வெள்ளோட்டம் பார்த்தால் இன்னும் நல்லது. பக்கத்து நியூஜெர்சியின் எடிசனில் தமிழ் பேசும் ஆன்ட்டி தேடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். வாரம் இரண்டு முறை, தலா இரண்டு மணி நேரம் போதுமா? குழந்தை வாரத்துக்குச் சுமார் 80 மணி நேரம் விழித்திருக்கிறது. அதில் 4 மணி என்பது 5 சதவீதம். ஊர் மொழியல்லாத இன்னொரு மொழியைப் பெற்றோரில் ஒருவராவது பேசும் சுமார் 1,900 குடும்பங்களைப் பற்றி பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. அந்த வீடுகளில் ஏறக்குறைய கால்வாசிப் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை. அம்மா வேலைக்குப் போகிறார் என்றால் பகல் பொழுதின் பெரும்பகுதி ஹீப்ருவில் போக வேண்டும். இல்லையென்றால் குழந்தை ஹீப்ருவைப் புரிந்துகொள்ளும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

ஆண் குழந்தை என்றால் ஒரு சின்ன சங்கதி. ஹீப்ருவில் “எனக்கு வேண்டும்” என்பதை ஆண் ஒரு மாதிரியும் பெண் வேறு மாதிரியும் சொல்வார்கள். அம்மா, ஆயா குரல் மட்டுமே கேட்டு வளரும் பையன் பெண்பாலில் பேச ஆரம்பிக்கலாம். தாத்தாவை அடிக்கடி வீடியோ காலில் கூப்பிடுங்கள்.

இனி காகித விவகாரம். 2023 அக்டோபரிலிருந்து இஸ்ரேலியர்கள் விசா இல்லாமலே 90 நாள் அமெரிக்காவில் தங்கலாம். ஆனால் அதில் வேலை செய்யக்கூடாது, குழந்தை பார்ப்பதும் வேலைதான். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வெளிநாட்டு இளைஞர்கள் வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தை பார்க்கும் ஓ பேர் திட்டத்தில் வயது 18 முதல் 26 வரை, நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 45 மணிதான் வரம்பு. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் கைக்குழந்தைகளைப் பார்த்த 200 மணி நேர அனுபவத்துக்குச் சான்று வேண்டும். வேலை செய்ய அனுமதி உள்ள ஆளாக இருந்தாலும் கையில் ரொக்கம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். ஒருவருக்கு ஆண்டில் ஒரு வரம்பைத் தொட்டாலே (2025இல் அது 2,800 டாலர்) சமூகப் பாதுகாப்பு வரி பிடித்துக் கட்ட வேண்டும். வந்துபோகிற ஆளுக்கு வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது நியூயார்க் சட்டம். அதே மாநிலத்தில், உறவில்லாத மூன்று குழந்தைகளைத் தினம் மூன்று மணிக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். “இஸ்ரேலில் இருக்கிற மாதிரியே சின்ன கான்” (மழலையர் பள்ளி) என்று யாராவது சொன்னால் உருகுவதற்கு முன் அந்தப் பதிவைக் கேளுங்கள்.

ஹீப்ரு தெரியாத அப்பாவை மறந்துவிடுவதும் நடக்கிறது. மாலையில் குழந்தையை வாங்கிக்கொள்பவர் அவர் என்றால், என்ன சாப்பிட்டது, எவ்வளவு தூங்கியது என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் ஆயா சொல்ல வேண்டும். அவசர உதவிக்கு 911ஐ அழைத்து முகவரி சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், யூதர்கள் நடத்தும் பிரீஸ்கூலில் சேர்ப்பதாக இருந்தால், விடுமுறைப் பட்டியலைச் சேரும் முன்பே வாங்கிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று யூதப் பண்டிகைகளுக்கு அடுத்தடுத்து மூடுவார்கள். வசந்தத்தில் பெசாக் பண்டிகை வரும். வெள்ளி சூரியன் மறையும்போதே யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதால், குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரமே கதவடைப்பார்கள். அப்பாவின் ஆபீஸுக்கு அதெல்லாம் வேலை நாள்தான்.