ஸ்டீராய்டு சாப்பிடும் காலத்தில் பல் கூசினால் என்ன செய்வது

பல் கூசுகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்கவும் குறைக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைச் சாப்பிட்டவர் உடம்பில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரை திடீரென்று நின்றால் அந்தச் சுரப்பியால் உடனே ஈடுகொடுக்க முடியாது. ரத்த அழுத்தம் இறங்கி வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வரை போகும். கூச்சம் தொல்லைதான், ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

வேண்டுமென்று நிறுத்துகிறவர்களைவிடத் தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் கவலைக்குரியவர்கள். பல் கூச்சத்தில் காலை டிபன் இறங்காது. "சாப்பிட்ட பிறகு போடுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மாத்திரையும் விட்டுப்போகும். அப்படிப்பட்ட நாளில் வெதுவெதுப்பான அரிசிக் கஞ்சியோ, ஆறிய கேழ்வரகுக் கூழோ ஒரு டம்ளர் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையே வயிற்றில் தங்காமல் வாந்தியாகிறது என்றால் வீட்டில் காத்திருக்காமல் கேஷுவாலிட்டிக்குப் போய், "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வேலூர்ப் பக்கத்தில் இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், முடக்குவாதம், லூபஸ், ஆஸ்துமாவுக்கு அங்கேயோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ பார்ப்பவர்கள், தொழுநோயில் நரம்பு வீங்கும் ரியாக்‌ஷனுக்குக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் வாங்குகிறவர்கள் என்று பலர். வைசோலோன், ஓம்னகார்டில் இரண்டும் பிரட்னிசோலோன்தான். மெட்ரால், டெஃப்கார்ட், பெட்னெசால், டெக்ஸாமெத்தசோன் ஆகியவையும் ஸ்டீராய்டே. ஃபோரகார்ட், சீரோஃப்ளோ இன்ஹேலர்களில் ஸ்டீராய்டு உண்டு, அஸ்தாலினில் கிடையாது. தாங்கள் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கென்று பெயரில்லாமல் விற்கும் பொடி, சீட்டில்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் "செட் மாத்திரை" இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது. அப்படி ஏதாவது மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால், அதையும் சட்டென்று நிறுத்தாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கூச்சம் எங்கிருந்து வருகிறது

பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலை ஸ்டீராய்டு நேரடியாகக் கரைப்பதில்லை. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நரம்புப் பக்கம் போகின்றன. அவற்றில் திரவம் இருக்கிறது. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ அந்தக் குழாய்களின் வாய் திறந்துவிட்டால், குளிர்ச்சியோ புளிப்போ காற்றோ பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசையும். நரம்பு அதை வலியாக உணர்கிறது. சுரீரென்று வந்து சில நொடிகளில் அடங்குவது இதனால்தான்.

ஸ்டீராய்டு இந்த நிலைமைக்குப் பின்வாசல் வழியாக வருகிறது. ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினால் வாய் உலரும், ஈறு நோய் முற்றும். சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடி, இரவில் படுத்தபின் வயிற்று அமிலம் வாய்வரை வரும். எலும்பை மெலியவைக்கும் குணமும் அதற்கு உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஸ்டீராய்டு அறிகுறிகளை மறைப்பது. சொத்தை உள்ளே ஆழமாகப் போயிருக்கும், வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கும். ஆனால் வீக்கம் குறைவாகத் தெரியும், காய்ச்சலே வராது. மற்றவருக்குக் கன்னம் வீங்கும் இடத்தில் உங்களுக்கு வெறும் கூச்சம் மட்டும் இருக்கலாம். ஆகவே "கொஞ்சம்தானே கூசுகிறது, பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் சலுகை உங்களுக்குக் கிடையாது.

முதலில் எது என்று பிரித்துப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, ஒவ்வொரு பல்லாக நாக்கு நுனியால் தொட்டுக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். கன்னத்துப் பக்கம் பல பற்களின் கழுத்தில் கூசினால், ஈறு இறங்கியிருக்கிறது அல்லது அழுத்தித் தேய்த்ததில் பள்ளம் விழுந்திருக்கிறது. மேல் முன்பற்களின் உட்பக்கம், அதாவது நாக்குப் பக்கம் வழுவழுத்துக் கூசினால் வயிற்று அமிலத்தைச் சந்தேகியுங்கள். பல்லுக்குப் பேஸ்ட் வாங்குவதோடு நிற்காமல், மாத்திரை எழுதிய டாக்டரிடம் நெஞ்செரிச்சலைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பல் மட்டும் கூசினால் சொத்தையாக இருக்கலாம். கடித்து விடும்போது குத்தினால் விரிசல். சூடான காபி குடித்தபின் நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று நீடித்தால், அது பல்லின் உள்நரம்பு பாதிக்கப்பட்ட அடையாளம். இந்த மூன்றும் வீட்டு வைத்தியத்துக்கு உட்பட்டவை அல்ல, அந்த வாரத்திலேயே பல் டாக்டரைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்கள் மொத்தமாக வலித்து, குனியும்போது கனத்தால் சைனஸாகவும் இருக்கலாம்.

காரம் பட்டால் எரிவது கூச்சமல்ல. நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்போல் வெள்ளை படிந்து, வழித்தால் சிவந்த புண் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. இன்ஹேலர் எடுப்பவர்களுக்கும் இரவில் பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கும் அதிகம் வரும். கூச்சப் பேஸ்ட் அதைக் குணமாக்காது, பூஞ்சை மருந்துதான் வேண்டும். அதையும் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம், ஏனென்றால் சில பூஞ்சை மாத்திரைகள் உடம்பில் ஸ்டீராய்டின் அளவையே ஏற்றிவிடும்.

பேஸ்ட், பிரஷ், இன்ஹேலர்: எது முன், எது பின்

பேஸ்ட் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பின்பக்கம் பாருங்கள். 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ளது நரம்பின் துடிப்பை அடக்கும். ஸ்டேனஸ் ஃபுளோரைடு, அர்ஜினின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் உள்ளவை குழாய்களின் வாயை அடைக்கும். எதுவானாலும் ஃபுளோரைடும் சேர்ந்திருப்பது நல்லது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நான்கு நாள் தேய்த்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று பேஸ்டை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பலருக்கும் குணமாகாமல் போவதற்குக் காரணம்.

பட்டாணி அளவு பேஸ்ட், மென்மையான பிரஷ், காலையும் இரவும் இரண்டு நிமிடம். பிரஷ்ஷைக் கைப்பிடிக்குள் இறுக்காமல் பேனா பிடிப்பதுபோல் மூன்று விரலால் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள், வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். ரொம்பக் கூசும் இடத்தில் மட்டும் இரவில் விரல்நுனியால் கொஞ்சம் பேஸ்டைத் தடவி விட்டுப் படுக்கலாம். பேஸ்டில் பொட்டாசியம் இருக்கிறதே என்று சிறுநீரக நோயாளிகள் பயப்பட வேண்டாம், துப்பிவிடுவதால் உடம்பில் சேரும் அளவு ஒன்றுமில்லை.

கரித்தூள், செங்கல் பொடி, சாம்பல், உப்பு, புகையிலைப் பொடி இவை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் எனாமலைவிட மிருதுவானது. ஒரு பிடி சாம்பல் அதைச் சீக்கிரம் அரித்துப் பள்ளமாக்கிவிடும்.

இன்ஹேலர் எடுப்பவர்கள் இரவில் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பஃப், உடனே தொண்டை வரை தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்புதல், அரை மணி நேரம் கழித்துப் பல் தேய்த்தல், பிறகு வாயைக் கழுவாமல் தூக்கம். தலைகீழாகச் செய்தால், பஃப்புக்குப் பிறகு கொப்பளிக்கும் தண்ணீரிலேயே பேஸ்டின் மருந்து கரைந்து போகும். கொப்பளிக்காமல் விட்டால் பூஞ்சை வரும். அழுத்தி அடிக்கும் வகை பம்ப் என்றால் ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாய்) வைத்து எடுங்கள், வாயில் படியும் மருந்து வெகுவாகக் குறையும்.

கரிகிரியில் சிகிச்சை பெறுபவர்களில் விரல் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மெல்லிய பிரஷ் கைப்பிடி நழுவுவதால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று கைக்குத் தெரிவதில்லை. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைத் தடிமனாகச் சுற்றிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷின் நார் ஒரு மாதத்துக்குள் விரிந்து படுத்துவிட்டால் இன்னும் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

வேலூர் வெயிலும் வாயும்

சித்திரை, வைகாசியில் இந்த ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐஸ் போட்ட எலுமிச்சை சோடா, கரும்புச்சாறு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று இல்லாத தெருமுனை கிடையாது. கூசும் பல்லுக்கு இவற்றில் குளிர்ச்சியைவிடப் புளிப்புதான் கெடுதல். குளிர்ச்சி அந்த நேரத்தோடு போய்விடும். ஆனால் வாயின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும், வெளியே தெரியும் வேர் அதற்கும் முன்னாலேயே கரையும். அரை மணி நேரம் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கும் ஒரு சோடா, சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் குடிப்பதைவிடப் பன்மடங்கு கெடுதி.

தாகத்துக்கு மண்பானைத் தண்ணீர் வையுங்கள், குளிர்ச்சி இருக்கும், பல்லைக் குத்தாது. இளநீரும் நுங்கும் பொட்டாசியம் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு நல்லது. சிறுநீரக நோயாளிகள் எதையும் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும், தண்ணீரின் அளவு உட்பட. மோர் சேர்த்த கூழைப் புளிக்க வைக்காமல் குடியுங்கள். ஆம்பூர் பிரியாணியைச் சாப்பிடலாம், கூட வரும் புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கைக் குறைத்துக்கொண்டால் போதும். ஆற்காடு மக்கன் பேடாவை மட்டும் தள்ளி வைக்கச் சொல்வோம், பல்லுக்காக மட்டுமல்ல, ஸ்டீராய்டு ஏற்றும் சர்க்கரைக்காகவும்.

புளித்தது சாப்பிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்தால் அது பிரஷ்ஷோடு வந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

வலி மாத்திரையில் கவனம்

பல் வலிக்கு மெடிக்கலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், அசிக்ளோஃபெனாக். ஸ்டீராய்டோடு இவை சேர்ந்தால் வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் அபாயம் கூடுகிறது. சிறுநீரக நோயாளிகள் இவற்றைத் தொடவே கூடாது. கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவர்கள் பாரசிட்டமால் 650 மி.கி. போடலாம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகாமல். இரண்டு நாளில் அடங்காத வலி மாத்திரைக்கு அடங்குகிற வலி அல்ல.

ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கி வைப்பது, கிராம்புத் தைலத்தை நேராக ஊற்றுவது இரண்டும் ஈறை வேகவைத்துவிடும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு அந்தப் புண் ஆற நாளாகும். கால்சியம் மாத்திரை எலும்புக்காகத் தரப்படுவது, அதைத் தொடர்ந்து சாப்பிடுங்கள். அதனால் கூச்சம் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், முளைத்து முடிந்த எனாமலுக்கு ரத்தத்திலிருந்து எதுவும் போய்ச் சேராது.

பல் டாக்டரிடம் போகும்போது

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஸ்டீராய்டின் பெயர், இப்போது எத்தனை மி.கி., எத்தனை மாதமாக, மிக அதிகமாக இருந்தபோது எவ்வளவு. நிறுத்தி ஓராண்டு ஆகவில்லை என்றாலும் எழுதுங்கள். மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, ரத்தம் இளக்கும் மாத்திரை, எலும்பு ஊசி எதையும் விடாதீர்கள். சைக்ளோஸ்போரின் ஈறையே தடிக்கவைக்கும், அது தெரியாவிட்டால் பல் டாக்டர் வேறு நோய் என்று நினைப்பார். கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவும் தேவை.

காலை நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். டிபன் சாப்பிட்டு, அன்றைய ஸ்டீராய்டைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சாதாரண வேலைகளுக்கு வழக்கமான டோஸ் பெரும்பாலும் போதும். பெரிய அறுவை என்றால் கூடுதல் டோஸ் வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். கூச்சத்துக்கு அங்கே ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், பள்ளம் விழுந்த கழுத்தை அடைப்பார்கள். வார்னிஷ் பூசிய அன்று நான்கு மணி நேரம் சூடான, முறுக்குபோல் கடிப்பதான எதுவும் வேண்டாம், அன்றிரவு பல் தேய்க்கவும் வேண்டாம். பல் சுத்தம் செய்தபின் சில நாள் கூச்சம் கூடுவது சகஜம்.

எலும்பு மெலிவுக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. அல்லது சோலெட்ரோனிக் ஊசி தொடங்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே பல் பரிசோதனையை முடித்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்து ஆறவிடுங்கள். தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பயந்து நிறுத்த வேண்டாம், பல் டாக்டரிடம் சொன்னால் போதும். அலெண்ட்ரோனேட்டைச் சப்பக் கூடாது, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும்.

முகத்தில் கொஞ்சம் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம், கழுத்தில் இறுக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரவானாலும் போங்கள், சி.எம்.சி., அடுக்கம்பாறை, வாலாஜா அரசு மருத்துவமனை எது பக்கமோ அது.

சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய்க்கு மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் சாப்பிடும் குழந்தைகள் பல் கூசுகிறது என்று சொல்லத் தெரியாமல், ஒரே பக்கம் மெல்லும், ஐஸ் வேண்டாம் என்று ஒதுக்கும். சிரப் இனிப்பாக இருக்கும். கொடுத்தபின் தண்ணீர் குடிக்கவையுங்கள். இரவு டோஸ் இருந்தால் அதைக் கொடுத்த பிறகுதான் பல் தேய்த்துவிட வேண்டும், தேய்த்த பிறகு கொடுக்கக் கூடாது. மாத்திரையின் கசப்புக்கு வாயில் சர்க்கரையை அடக்கிக்கொள்ளவிடாமல், ஒரு வாய் இட்லியில் பொதிந்து விழுங்கக் கொடுங்கள்.