பேஷண்ட் கருத்து வேணும்னு கூப்பிட்டா சும்மா தலையாட்டிட்டு வராதீங்க: பிரிட்டன்ல மெடிக்கல் ரிசர்ச் பக்கம் போறவங்க பண்ற தவறுகள்

"ஏன்டா, உன் மேல மருந்து டெஸ்ட் பண்றாங்களாமே?"ன்னு அத்தை ஊர்லேர்ந்து போன் பண்ணி அழாத குறையா கேட்டாங்க. நான் கிழக்கு லண்டன்ல ஒரு சுகர் ஆராய்ச்சி குழுவுல பேஷண்ட் சார்பா போய் உக்காந்துட்டு வர்றேன், அவ்ளோதான். அத்தையைச் சொல்லி என்ன, இங்கயே இருபது வருஷமா இருக்குற நம்ம ஆளுங்களும் இதே கேள்வியைத்தான் கேக்குறாங்க.

முதல் தவறே இந்தக் குழப்பம்தான். ட்ரையல்ல சேர்றது வேற, ஆராய்ச்சி எப்படி நடக்கணும்னு பேசப் போறது வேற. ட்ரையல்ல சேர்ந்தா உங்களுக்கு மருந்தோ வேற சிகிச்சையோ குடுத்து என்ன ஆகுதுன்னு பாப்பாங்க. அது ஒண்ணும் கெட்டது இல்ல, 2020ல கொரோனா வந்தப்ப இங்க நடந்த ரெகவரி ட்ரையல்ல ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்க ஆயிரக்கணக்குல சரின்னு சொன்னதாலதான் ஜூன் மாசமே டெக்ஸாமெத்தசோன்ங்கிற மருந்து உயிரைக் காப்பாத்துதுன்னு தெரிஞ்சுது. இன்னொண்ணு இங்க 'பப்ளிக் இன்வால்வ்மென்ட்'னு சொல்றது. 1996ல ஆரம்பிச்சு பின்னாடி இன்வால்வ்னு பேர் மாத்தின அமைப்பு அதுக்கு ஒரு விளக்கம் வச்சிருந்தது: மக்கள் மேல பண்றது, மக்களைப் பத்திப் பண்றது, மக்களுக்காகப் பண்றது எல்லாம் கணக்குல வராது, மக்களோட சேர்ந்து பண்ணணும், இல்ல மக்களே பண்ணணும். அரசு ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குற என்.ஐ.எச்.ஆர் இந்த ரெண்டுக்கும் தனித்தனி வெப்சைட் வச்சிருந்தது, ட்ரையலுக்கு 'பி பார்ட் ஆஃப் ரிசர்ச்', குழுவுக்கு 'பீப்பிள் இன் ரிசர்ச்', தப்பான இடத்துல பேரைக் குடுத்துட்டு அப்புறம் ஊசியோட கூப்பிடுறாங்கன்னு பதறாதீங்க.

அடுத்தது, எல்லாம் முடிஞ்சப்புறம் போய் உக்கார்றது. என்.ஐ.எச்.ஆர்கிட்ட பணம் கேக்குறப்போ பொதுமக்களை எப்படிச் சேர்த்துக்கிட்டீங்கன்னு ஃபார்ம்லயே கேப்பாங்க, அதனால சில ஆராய்ச்சிக்காரங்க கடைசி தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி நாப்பது பக்க விண்ணப்பத்தை அனுப்பி "உங்க கருத்து ரொம்ப முக்கியம்"னு மெயில் போடுவாங்க. கேள்வியே முடிவாயிடுச்சுன்னா நீங்க என்ன கருத்து சொல்றது, கமா சரியா இருக்குன்னு சொல்லலாம். முழங்கால் தேய்மானத்துல இது நல்லா வெளிய வந்துச்சு, 2000ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில ஒரு கட்டுரை, ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் மாத்திரையையே சுத்திட்டு இருக்க, வலி இருக்குறவங்க கேட்டதோ மூட்டு மாத்துற ஆபரேஷனைப் பத்தி, வலியோட எப்படிக் காலத்தை ஓட்டுறதுன்னு. இந்த மாதிரி இடைவெளியை அடைக்கத்தான் 2004ல ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, 1747ல கப்பல்ல ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிங்களை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஜோடிக்கொரு வைத்தியம் குடுத்து ஆரஞ்சு எலுமிச்சையே வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்ச டாக்டர் பேரு அது. நோயாளி, பாத்துக்கிறவங்க, டாக்டர் மூணு பேரும் ஒரே மேஜையில உக்காந்து எதை முதல்ல ஆராயணும்னு டாப் 10 போடுவாங்க. அதனால உங்களைக் கூப்பிட்டா முதல் கேள்வியா "பணம் வந்தாச்சா, இன்னும் எதை மாத்த முடியும்?"னு கேளுங்க. கொஞ்சம் முகம் சுருங்கும், பரவாயில்ல.

நமக்கு என்ன தெரியும், அவங்க ப்ரொஃபசர்னு வாயை மூடிட்டு இருக்குறது இன்னொரு தவறு, இதை நானே முதல் ரெண்டு மீட்டிங்ல பண்ணேன். மூணாவது தடவை சாப்பாட்டு டைரின்னு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, ஏழு நாள் என்ன சாப்பிட்டீங்கன்னு டிக் அடிக்கணும், பாஸ்தா இருக்கு, டோஸ்ட் இருக்கு, சீரியல்ல நாலு வகை இருக்கு, நமக்குன்னு இருந்தது ஒரே வரி, 'சோறு, ஒரு கப்'. எந்தக் கப்பு? வேக வச்சதா, அரிசியாவா? எங்க வீட்ல கரண்டி கணக்குதான், அதுவும் அம்மா போட்டா ஒரு அளவு நான் போட்டா ஒரு அளவு. இட்லி எத்தனைன்னு எழுத இடமே இல்ல. தெற்காசியக்காரங்களுக்கு 25 வயசுலேர்ந்தே டைப் 2 சுகர் ரிஸ்க், பொதுவா 40க்கு மேலன்னு இங்க அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸே சொல்லுது, ஆனா அந்த ஆராய்ச்சியோட ஃபார்ம்ல இட்லி இல்ல. இதைச் சொன்னதும் ஒரு நிமிஷம் யாரும் பேசல, அப்புறம் அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பொண்ணு "அப்போ இதுவரைக்கும் வந்த ஃபார்ம்ல எல்லாரும் என்ன எழுதியிருப்பாங்க?"ன்னு மெதுவா கேட்டா.

ஆனா அதே ஜோர்ல "எங்க தமிழாளுங்க எல்லாம் இப்படித்தான்"னு ஆரம்பிச்சிடாதீங்க, நானும் வாயை விட்டிருக்கேன். யாழ்ப்பாணத்துக்காரங்க வீட்டுப் புட்டும் எங்க வீட்டு இட்லியும் ஒண்ணா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, மீதிக்கு இன்னும் நாலு பேரைக் கூப்பிடுங்கன்னு சொல்லுங்க. மீட்டிங்கை செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வச்சா ரிட்டயர்டு ஆளுங்கதான் வருவாங்கன்னும் சொல்லுங்க, ஷிப்ட்ல வேலை பாக்குறவனுக்கும் சுகர் இருக்கு.

ட்ரையல்ல சேர்றவங்ககிட்ட கையெழுத்து வாங்குற ஒப்புதல் பேப்பரை உங்க கருத்துக்கு அனுப்புனா, படிக்காம "நல்லா இருக்கு"ன்னு அனுப்புறது அடுத்து. அது ஏன் அவ்ளோ நீளம்னா அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு: லிவர்பூல் ஆல்டர் ஹே ஆஸ்பத்திரியில இறந்துபோன குழந்தைங்களோட உறுப்புகளைப் பெத்தவங்களுக்குத் தெரியாம எடுத்து வச்சிருந்தது 1999ல வெளிய வந்து, 2001ல விசாரணை அறிக்கை, 2004ல ஒப்புதல் இல்லாம உடல் உறுப்பை எடுத்து வச்சுக்கக் கூடாதுன்னு ஹியூமன் டிஷ்யூ சட்டம். ஆராய்ச்சி நியாயமா நடக்குமான்னு பாத்து அனுமதி குடுக்குற எதிக்ஸ் கமிட்டியில மருத்துவம் சாராத சாதாரண ஆளுங்களையும் உக்கார வைக்கிறாங்க. ஆனா நீளமா இருந்தா மட்டும் புரிஞ்சிடுமா? எங்க பேப்பர்ல '40 மில்லி ரத்தம்'னு இருந்தது, எங்க குழுவுல ஒரு பாட்டி அது ஒரு பாட்டில்னு நினைச்சு வேணாம்னுட்டாங்க, எட்டு டீஸ்பூன்னு எழுதச் சொன்னோம்.

டேட்டா விஷயத்துலதான் ஜனங்க ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க. கோபத்துல எல்லாத்தையும் அடைச்சிடுறாங்க, இல்ல எதையும் கண்டுக்கிறதே இல்ல. கோபத்துக்குக் காரணம் உண்டு. 2014 ஜனவரியில கேர்.டேட்டான்னு ஒரு திட்டத்துக்காக இங்கிலாந்து பூரா வீடுகளுக்கு நோட்டீஸ் போட்டாங்க, ஜிபிகிட்ட, அதாவது உங்க ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட இருக்குற உங்க ரெக்கார்டு மத்தியில ஒரே இடத்துக்குப் போகும்னு, ஆனா அது பீட்சா கடை நோட்டீஸோட நோட்டீஸா குப்பைக்குப் போச்சு, வேணாம்னு சொல்ல அதுல ஃபார்மும் இல்ல. அடுத்த மாசமே தள்ளி வச்சு, 2016ல மூடிட்டாங்க. அதுலேர்ந்து கத்துக்கிட்டாங்களான்னா 2021லயும் ஜிபி டேட்டாவுக்குக் கொஞ்ச வார அவகாசத்துல தேதி குறிச்சாங்க, 10 லட்சத்துக்கு மேல ஜனங்க வெளிய வந்துட்டாங்க, அதுவும் நின்னுபோச்சு.

இப்ப இங்கிலாந்துல 'என் டேட்டா வேணாம்'னு சொல்ற ஆப்ட் அவுட்டுக்கு ரெண்டு கதவு இருக்கு, இதைக் குழப்பிக்காதீங்க. டைப் 1 ஆப்ட் அவுட்னா ஜிபி சர்ஜரியில சொல்லணும், உங்க சிகிச்சைக்கு இல்லாத வேற காரணத்துக்கு அங்கேர்ந்து உங்க பேரோட டேட்டா போகாது. 2018 மே மாசம் வந்த நேஷனல் டேட்டா ஆப்ட் அவுட், ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் உங்க ரகசிய டேட்டாவைக் குடுக்காதீங்கன்னு சொல்றது, அதை என்.எச்.எஸ் ஆப்லயோ போன்லயோ நீங்களே போடலாம். எதைப் போட்டாலும் உங்க சிகிச்சை பாதிக்காது. நேஷனல் ஆப்ட் அவுட் போட்டவங்க ஒரு ட்ரையல்ல கையெழுத்துப் போட்டுச் சேரவும் தடை இல்ல. வாட்ஸ்அப்ல எவனோ அனுப்புன ஃபார்வர்டைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. என் கணக்குல, நம்ம ஆளுங்க மொத்தமா வெளிய வந்துட்டா மறுபடி நம்ம உடம்பைப் பத்தித் தெரியாமலே மருந்து எழுதுவாங்க, ஆனா அது உங்க முடிவு.

எந்த மருந்தை என்.எச்.எஸ் குடுக்கலாம்னு பாக்குற நைஸ், வரைவு போட்டுப் பொதுமக்கள்கிட்டயும் கருத்து கேக்கும், அங்க போய் "தயவுசெஞ்சு குடுங்க"ன்னு எழுதி பிரயோஜனம் இல்ல. ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க, எந்த வேலையை விட்டீங்க, பழைய மருந்து என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க, அது ட்ரையல் பேப்பர்ல இருக்காது.

காசு கேக்க வெக்கப்படாதீங்க. என்.ஐ.எச்.ஆர் கைடன்ஸ்ல ஒரு மணி நேரத்துக்கு 25 பவுண்டு, முழு நாளுக்கு 150னு போட்டிருந்தாங்க, ரயில் செலவு தனி. ஆனா யுனிவர்சல் கிரெடிட் மாதிரி அரசு உதவித்தொகை வாங்குறவங்க இந்தக் காசை வாங்குறதுக்கு முன்னாடியே ஜாப்சென்டர்ல சொல்லிடுங்க, அப்புறம் வெட்டிட்டாங்கன்னு அலையக் கூடாது, கம்மியா குடுங்கன்னோ வேணாம்னோ சொல்லவும் உரிமை இருக்கு. நான் அந்த டைரி மீட்டிங்குக்குப் போன காசு வர ரெண்டரை மாசம் ஆச்சு, புது ஃபார்ம் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு, இட்லிக்கு ஒரு வரி போட்டு பக்கத்துல எண்ணிக்கைன்னு ஒரு கட்டம், சோத்துக்கு மட்டும் இன்னும் கப்புதான்.